துடைப்பத்தைப் பிடுங்காதீர்கள்

சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் எங்கள் தாய்ச்சபையில் நடந்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் வாசித்தார்கள். கோத்தகிரிக்குக் கீழே தேயிலைக்குள் இருக்கும் நம் கிளைச்சபை நன்றாக வளர்ந்துவிட்டது. ஆகவே கோயிலைப் பெருக்கி, மணி அடித்துப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு கோயில்பிள்ளையை வைக்கலாம், பண்டிகைச் சாப்பாட்டை வெளியே சமையல்காரரிடம் ஒப்படைக்கலாம், பாடல்களை நடத்த இங்கிருந்து ஒரு குழுவை வாரந்தோறும் வேனில் அனுப்பலாம். இவ்வளவுதான் தீர்மானம். எல்லாரும் மகிழ்ந்து கை தட்டினார்கள். நான் எழுந்து "வேண்டாம்" என்றேன். காரணம் சொல்வதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சபை எப்படித் தொடங்கியது என்பது கூட்டத்தில் இருந்த பாதிப் பேருக்குத் தெரியாது. 2009 நவம்பர் மழையை நீலகிரிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாதை திறந்ததும் அரிசி, கம்பளி, மண்ணெண்ணெய் எடுத்துக்கொண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போனோம். கொடுத்துவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். ஆனால் வீடுகளுக்குள் முழங்கால் அளவு சேறு. அரிசியை எங்கே வைப்பது? மண்வெட்டியைக் கடன் வாங்கி அள்ளத் தொடங்கினோம். நான்கு சனிக்கிழமைகள் அள்ளினோம்.

அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் தாயகம் திரும்பியவர்கள். 1964 ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. போகிறாயா, இருக்கிறாயா என்று அந்த மக்களை யாரும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அங்கே இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களுக்கும் காய்கறி நிலங்களுக்கும் கூலிக்குப் போனார்கள். கண்டியில் பிறந்து மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்த ஒரு பெரியம்மா, சேற்றிலிருந்து மீட்ட தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அட்டை இல்லை. நனைந்து ஒட்டியிருந்த தாள்களை அடுப்போரம் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். "அங்கே எங்களுக்குக் கோயில் இருந்தது. இங்கே வந்து நாற்பது வருடமாகத் தனியாகத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

நாங்கள் அங்கே விசுவாசத்தைக் கொண்டுபோய் இறக்கினோம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். அது ஏற்கெனவே அங்கே இருந்தது. கூடி நிற்க ஓர் இடம்தான் இல்லை.

அடுத்த ஆண்டு ஒரு பழைய கொட்டகையில் ஞாயிறு ஆராதனை தொடங்கியது. முதல் ஓராண்டு நாங்கள் செய்த தவற்றை ஒப்புக்கொள்கிறேன். பாய், பாட்டுத் தாள், தேநீர்க் கெண்டி, தேநீரோடு தின்னும் மொறுமொறு வரக்கி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவோம். நாங்களே பெருக்குவோம், நாங்களே பாடுவோம், நாங்களே ஊற்றிக் கொடுப்போம், நாங்களே கழுவி வைப்போம். அவர்கள் வருவார்கள், உட்காருவார்கள், வாங்கிக் குடிப்பார்கள், கும்பிட்டுவிட்டுப் போவார்கள். மாதத்துக்கு மாதம் ஆள் குறைந்தது. நாங்கள் என்ன செய்தோம்? வரக்கியைக் கூட்டினோம்!

பிறகு வடகிழக்குப் பருவமழையில் ஒரு ஞாயிறு. வழியில் மரம் விழுந்து ஜீப் நின்றுவிட்டது. நனைந்தபடி நடந்து போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வளைவு திரும்பும்போதே கீர்த்தனை கேட்டது. கொட்டகை பெருக்கியிருந்தது. பாய்க்குப் பதிலாக உர மூட்டைச் சாக்குகளைத் துவைத்து விரித்திருந்தார்கள். ஓரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெரியம்மா முன்னால் நின்று, நாங்கள் கேட்டே இராத இராகத்தில் பாட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. பாட்டு முடிந்தபின், "நனைந்துவிட்டீர்களே, முதலில் தேநீர் குடியுங்கள்" என்று எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். அன்று நான் விருந்தாளி. அடுத்த வாரத்திலிருந்து ஜீப்பில் எதையும் ஏற்றவில்லை.

அதன் பிறகுதான் சபை வளர்ந்தது. இதைத்தான் கூட்டத்தில் சொல்ல நினைத்தேன்.

பல சபைகள் சேர்ந்தது எங்கள் சேகரம், ஆயரோ ஒருவர்தான். திருவிருந்து நடத்த அவர் மாதம் ஒரு ஞாயிறுதான் அங்கே போக முடியும். மற்ற ஞாயிறுகளில் யாராவது வேதபாடம் வாசிக்க வேண்டும், யாராவது ஜெபிக்க வேண்டும். இதை எல்லாரும் ஒரு குறையாகப் பேசுகிறார்கள். எழுத்துக் கூட்டித் தட்டுத்தடுமாறி வாசித்த பெண்கள் இன்று நின்று நிதானமாக வாசிக்கிறார்கள் என்றால் அது ஆயர் ஐயா வராத ஞாயிறுகளால்தான்.

மாலை ஜெபக்கூட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரிப் பக்கம் இருட்டியபின் தேயிலைக்குள் நடப்பது என்னவென்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாதையை மறித்துக் காட்டெருமை நிற்கும், கரடி குறுக்கே போகும். வயதானவர்கள் பயந்து வராமல் இருந்தார்கள். லைனில் ஓர் இளைஞன் இருந்தான், கோயில் பக்கமே தலைவைக்காதவன். அவன் பாட்டியைக் கூட்டிப்போக டார்ச்சோடு வந்தான். பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டியையும் சேர்த்துக் கூட்டிப்போனான். பிறகு நான்கு பையன்கள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டார்கள். பல மாதம் கூட்டம் முடியும்வரை அவன் வாசலுக்கு வெளியேதான் நின்றான். யாரும் உள்ளே வா என்று நச்சரிக்கவில்லை, அதற்கு அந்தப் பெரியம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஒரு குளிர்கால இரவில் அவனே உள்ளே வந்து கடைசிச் சாக்கில் உட்கார்ந்தான். இப்போது சபைக் கணக்கு அவன் கையில் இருக்கிறது.

கொட்டகைச் சாவி மாதம் ஒரு வீட்டில் இருக்கும். குடிப்பழக்கம் உள்ள ஓர் அண்ணனிடம் சாவி போனபோது எங்களில் சிலர் முகம் சுளித்தோம். அவர் முற்றிலும் திருந்திவிட்டார் என்று சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அதுவல்ல. சாவி தன்னிடம் இருக்கும் மாதத்தில் மட்டும் சனிக்கிழமை இரவு அவர் குடிப்பதில்லை. அவர் மனைவிக்கு அந்த நான்கு சனிக்கிழமைகளின் மதிப்பு தெரியும்.

கூட்டத்தில் ஒரு சகோதரர் நியாயமான கேள்வி கேட்டார். ஆறு நாளும் கூடை சுமந்து கொழுந்து பறிக்கிறவர்களை ஏழாவது நாளும் வேலை வாங்குவதா? இது என்னையும் உறுத்தியது. திங்கட்கிழமை போய் அந்தப் பெண்களிடமே கேட்டேன். ஓர் அக்கா சொன்னார்: "தோட்டத்தில் மேஸ்திரி பேர் சொல்லிக் கூப்பிடுவார், போவேன். இங்கே இது என் வாரம் என்று நானே வருகிறேன். சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டால் நான் எதற்கு முந்தின நாளே வர வேண்டும்? மணி அடித்தபின் வந்து உட்காருவேன்." சுமை இருக்கிறது, மறுக்கவில்லை. அதே நான்கு பெண்கள்தான் எப்போதும் பாத்திரம் கழுவுகிறார்கள். அதற்கு வழி ஆண்களும் பாத்திரத்தில் கை வைப்பது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சேவையைத் தூண்டிலாக்குவது எனக்குப் பிடிக்காது. மாலைப் பாட வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் கட்டுவது லைனில் உள்ள மாரியம்மன் கோயில் இளைஞர்கள். அவர்கள் திருவிழாவுக்குத் தண்ணீர் சுமப்பது நம் பையன்கள். பண்டிகைக் காணிக்கை ஏலத்தில் மேரக்காயும் முட்டைக்கோசும் நாட்டுக்கோழியும் அதிக விலைக்குப் போவது அந்த இளைஞர்களின் வீட்டுக்காரர்கள் போட்டி போட்டுக் கேட்பதால்தான். இவர்களில் யாரும் சபைப் பதிவேட்டில் இல்லை. ஆண்டறிக்கையில் இவர்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. எழுத வேண்டாம்.

ஊட்டி புனித ஸ்டீபன் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் அந்த உத்தரங்களை அண்ணாந்து பார்ப்பேன். 1829-இல் அடிக்கல் நாட்டிய கோயில். திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையைப் பிரித்தெடுத்த மரங்கள் இவை என்பார்கள். ஆளுநரின் பெயர் தெரிகிறது, அர்ச்சித்த பேராயரின் பெயர் தெரிகிறது. மலைக்கு அந்த மரத்தைக் கொண்டுவந்து சேர்த்த கைகளின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. எருசலேம் மதிலை நெகேமியா எடுத்துக் கட்டியபோது பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத் தாங்களே பழுதுபார்த்தார்கள். அவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது வேதம். மிகுந்த களைப்பில் இருக்கும்போது அந்த அதிகாரத்தை வாசிப்பேன்.

தாய்ச்சபை எதுவும் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும். அதை லைன் மக்கள் கட்ட முடியாது, பொறியாளரும் பணமும் வேண்டும். இன்னொரு 2009 வருவதற்குள் அதைக் கட்டுங்கள். கூரைத் தகரம் மாற்ற வேண்டும். ஆராதனை நடத்தும் சகோதரிகளுக்குப் பயிற்சி கொடுங்கள். திருவிருந்து மாதம் இருமுறையாகக் கிடைக்க வழி செய்யுங்கள். அவர்களால் ஆகாததை நாம் செய்வோம். அவர்களால் ஆகிறதை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி, அதற்கு உதவி என்று பெயர் வைக்காதீர்கள். பாட்டுக் குழுவை அனுப்பத்தான் வேண்டுமென்றால், பெரியம்மாவின் இராகங்களைக் கற்றுக்கொள்ள அனுப்புங்கள். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது.

அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இந்த ஆண்டும் தேங்காய் ரொட்டியும் சம்பலும் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். தீர்மானத்துக்குக் கை தட்டியவர்கள் முந்தின நாள் சனிக்கிழமை மதியமே வாருங்கள். நிறையத் தேங்காய் துருவ வேண்டியிருக்கிறது. அங்கே இரண்டு துருவிதான் இருக்கிறது, உங்கள் வீட்டிலிருந்து ஒன்று எடுத்து வாருங்கள்.