மஞ்சப்பை எங்கே?

பிளாஸ்டிக் ஒழியணுமான்னு கேளுங்க, ஒருத்தர்கூட மறுக்க மாட்டாங்க. தமிழ்நாட்டுல தடை வந்தது 2019 ஜனவரி 1-ல. ஆனாலும் சாயங்காலம் காய்கறிக் கடையில "ஒரு கவர் குடுங்கண்ணே"தான்! தக்காளிக்கு ஒண்ணு, கொத்தமல்லிக்குத் தனியா ஒண்ணு, ரெண்டையும் சேர்த்துப் போட இன்னொண்ணு.

மனசுல குறையில்ல. பை வீட்டுக் கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. கடையோ ஆபீஸ் விட்டு வர்ற வழியில. கொள்கை எவ்வளவு பெருசா இருந்து என்ன, கைக்கு எட்டுறது கவர்தானே?

ரெண்டு துணிப்பையை மடிச்சு வண்டி சீட்டுக்கு அடியில போடுங்க. காய் எடுத்து வச்சதும் காலிப் பையைச் சாவி மாட்டுற இடத்துலயே தொங்கவிடுங்க. இல்லேன்னா மறுநாள் மறுபடி கவர்தான். மீனுக்கு மட்டும் மூடி போட்ட டப்பா. துணிப்பையில வாங்கிட்டு வந்து நாறுதுன்னு புலம்பாதீங்க.