அம்மை போட்ட வீட்டில் ஆட்டிறைச்சி ஏது?

இந்தத் தீபாவளிக்கு அக்கா வீட்டில் பழைய சண்டை மறுபடியும் கிளம்பியது. சிங்கப்பூரில் ஹோட்டல் நியூ வேர்ல்ட் இடிந்து விழுந்த அன்று அம்மாவோடு தேக்கா சந்தைக்குப் போனது யார், அவளா நானா?

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1986 மார்ச் 15, சனிக்கிழமை முற்பகல். சிராங்கூன் சாலையும் ஓவன் ரோடும் சேரும் முனையில் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிஷத்துக்குள் மண்மேடாகிவிட்டது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். அப்போது எம்ஆர்டி ரயில் சுரங்க வேலைக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் இடிபாட்டுக்குள் குடைந்துகொண்டு போனதை, அந்தக் காலத்து ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எனக்கு அப்போது 10 வயது. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை முன்னால் பிரம்புக் கூடையோடு நிற்கிறேன். 'தொம்'மென்று ஒரு சத்தம். கடைக்காரர் கத்தியை ஓங்கியபடியே தெருப்பக்கம் திரும்புகிறார். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறார். இதை என் பிள்ளைகளுக்கு, அலுவலகத்தில், சும்மா வந்த விருந்தாளிக்கு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேனோ! அக்காவுக்கும் இதே கதைதான். கூடை மட்டும் அவள் கையில் இருக்கும், நான் வீட்டில் இருப்பேன்.

போன மாதம் மன்னார்குடியில் பெரியப்பா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்த அண்ணன், அப்பா எழுதிய ஏரோகிராம் ஒன்றைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 17.3.86 என்று தேதி. "சனிக்கிழமை இங்கே ஒரு ஹோட்டல் இடிந்துவிட்டது. இன்னும் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். சின்னவளுக்கு அம்மை போட்டிருப்பதால் அன்று எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம். டிவியில் பார்த்தோம்."

சின்னவள் நான்தான்.

அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள். அங்கே ஆட்டிறைச்சி எங்கிருந்து வந்தது? கடைக்காரர், கத்தி, கூடை எல்லாமே வேறு ஏதோ சனிக்கிழமையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. சத்தமும் அப்படித்தான். டிவியில் பார்த்ததற்கு என் மூளை பிற்பாடு போட்டுக்கொண்ட பின்னணி இசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான் தனி ஆள் இல்லை. உல்ரிக் நைஸர் என்று ஓர் அமெரிக்க உளவியலாளர். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட செய்தி வந்தபோது வானொலியில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். டிசம்பரில் யாரும் பேஸ்பால் ஆடுவதில்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் அவருக்கே உறைத்தது. அவருடைய பேஸ்பால், என்னுடைய ஆட்டிறைச்சி. (அன்று நியூயார்க்கில் ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடந்தது, அதைத்தான் மாற்றி நினைத்திருப்பார் என்று வேறு ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். ஆடிய அணிகளின் பெயரும் பேஸ்பால் அணிகளின் பெயரும் ஒன்றாம்!)

இதே நைஸர், சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார். அது 1986 ஜனவரி 28, நம்மூர் ஹோட்டல் விழுவதற்கு ஆறரை வாரம் முன்பு. செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று மறுநாளே மாணவர்களை எழுதச் சொல்லித் தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே திரும்பக் கேட்டார். பழைய தாளோடு ஒப்பிட்டு 7க்கு மதிப்பெண் போட்டதில் சராசரி 3ஐக்கூடத் தொடவில்லை. கால்வாசிப் பேருக்குப் பூஜ்யம். ஆனால் நிச்சயமா என்று கேட்டால், தப்பாகச் சொன்னவர்களில் பலரும் நிச்சயம் என்றார்கள். அவர்கள் எழுதிய தாளையே எடுத்துக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை. கையெழுத்து தன்னுடையதுதான், ஆனால் நடந்தது அப்படியில்லை என்று சொன்னவரும் உண்டாம்.

அப்பாவின் கடிதத்தைப் படித்த பிறகும் எனக்கு அந்தத் 'தொம்' கேட்கிறது. அக்கா ஒரு படி மேலே போய், "அப்பா பெரியப்பா பயப்படக்கூடாதுன்னு மாத்தி எழுதியிருப்பார்டி" என்கிறாள்.

அம்மாவுக்கு இப்போது 81. "நீதாம்மா சொல்லணும், யார் வந்தா உன்கூட?" என்றோம். சிரித்துவிட்டார். "எனக்கென்ன தெரியும்? நீங்க ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லி நானும் போனதாத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

இந்தப் பதிவை எழுத வைத்ததே இந்தப் பதில்தான். பாட்டி தாத்தாவிடம் அந்தக் காலத்தைக் கேட்டு எழுதிவா என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். தேசிய நூலக வாரியம் 2011இல் தொடங்கிய சிங்கப்பூர் நினைவுத் திட்டத்தில் ஊர் ஜனங்களின் நினைவுகளைத் திரட்டினார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். என் குறையெல்லாம் வீட்டில் நாம் கேட்கிற விதத்தைப் பற்றித்தான். "தாத்தா, ரொம்பப் பயந்துட்டீங்களா? பெரிய சத்தமா கேட்டுச்சா?" பதிலையும் நாமே ஊட்டிவிட்டு, பிறகு அதை வரலாறு என்கிறோம்.

எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டினார்கள். "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 41 மைல் என்றார்கள். 'இடித்தபோது' என்று கேட்டால் 34. இன்னொரு குழுவிடம் ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றார்கள். 'நொறுங்கிய' என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், 'இடித்த' என்று கேட்டவர்களில் 7 பேர்தான். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது! ஒற்றைச் சொல்லே இவ்வளவு செய்தால், எங்கள் அம்மாவிடம் நாற்பது வருஷமாக இரண்டு மகள்கள் போட்ட கூச்சல் என்னவெல்லாம் செய்திருக்கும்?

அதனால் போன ஞாயிறு, அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து, கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "எனக்கு அம்மை போட்டிருந்தப்ப என்னம்மா நடந்துச்சு?" அவ்வளவுதான். ஹோட்டல் பேச்சையே எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வேப்பிலையைப் பற்றிச் சொன்னார். தோ பாயோவில் எங்கள் புளோக்கில் கீழ் வீட்டு மலாய் நென்னே (பாட்டி) ஒரு பை நிறைய வேப்பிலை ஒடித்துக்கொண்டு வந்தாராம். உள்ளே வராமல் வாசல் கம்பிக்கதவில் பையை மாட்டிவிட்டு, "பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று அங்கிருந்தே மலாயில் கேட்டுவிட்டுப் போனாராம். எனக்கு இது புத்தம் புதுக் கதை. அப்பாவின் கடிதத்தில் வேப்பிலை பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அம்மா சொன்னபடியே எழுதி, கீழே தேதி போட்டு வைத்திருக்கிறேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பையை வாங்கினதும் அவள்தான் என்பாள்.