நிறுத்து என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்

போன வாரம் துப்பாக்கி சுடுதளத்தில் நடந்த ஒன்று இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. எழுதிவிட்டால்தான் தூக்கம் வரும்.

பக்கத்து லேனில் ஓர் இளைஞர். அன்றுதான் முதல் முறையாகத் துப்பாக்கியைத் தொடுகிறார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. கழுத்து அகலமான டீ-சர்ட், கையில் வாடகைக்கு எடுத்த 9 மி.மீ. பிஸ்டல். மூன்றாவது முறை சுட்டபோது வெளியே தெறித்த காலிக்கூடு பக்கத்துத் தடுப்பில் மோதித் திரும்பி, குறி வைத்தது போல அவர் கழுத்துக்குள் இறங்கிவிட்டது. சுடச்சுடப் பித்தளை. நெஞ்சில் பட்டதும் மனிதர் துள்ள ஆரம்பித்தார். ஒரு கையால் சட்டையை உதறுகிறார், ஒற்றைக் காலில் சுற்றுகிறார், ஏதோ கத்துகிறார். பின்னால் நின்ற நண்பர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம்தான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். பிஸ்டல் அந்தக் கையிலேயே இருந்தது. விரல் டிரிகரில். அவர் சுற்றச் சுற்றக் குழல்முனையும் சுற்றியது. தடுப்பு, என் வயிறு, நண்பர்களின் முகம், மறுபடியும் தடுப்பு. ஒரு முறை சுட்டால் அடுத்த தோட்டா தானாகவே சேம்பருக்குள், அதாவது வெடிக்கத் தயாராகத் தோட்டா நிற்கும் அறைக்குள், ஏறிவிடும் துப்பாக்கி அது. தளத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரேஞ்ச் ஆபீசர் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து இலக்குப் பக்கம் திருப்பும்வரை நாலைந்து விநாடி ஆகியிருக்கும். வெடிக்கவில்லை. தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்ததும் ஒரு முழுத் தோட்டா மேசையில் விழுந்து உருண்டது. அதைப் பார்த்த நண்பர்களில் ஒருவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த இளைஞர் மீது எனக்குக் கோபமே இல்லை. சூடு பட்டால் உதறுவது உடம்பின் இயல்பு. ஒரு கை எதையாவது இறுக்கிப் பிடித்தால் மற்ற கையும் நம்மை அறியாமல் கொஞ்சம் இறுகும். டிரிகரில் விரல் இருந்தால் அந்த இறுக்கமே போதும். கழுத்தை மூடிய சட்டை போட்டு வாருங்கள் என்று அவருக்கு முதலிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். தொப்பியின் முன்விளிம்பு முகத்தில் விழும் கூட்டைத் தடுக்கும் என்றும் சொல்லியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் விட, சட்டைக்குள் கூடு விழுந்தால் தோல் சுட்டாலும் சுடட்டும் என்று விட்டுவிடுங்கள், குழல்முனையை இலக்குப் பக்கமே வைத்துத் துப்பாக்கியைக் கீழே வையுங்கள், அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சின்னக் கொப்புளம் சில நாட்களில் ஆறிவிடும். அந்த டீ-சர்ட்டை நானும் பார்த்தேன். வாய்வரை வந்தது. முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன். இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அந்தக் கூச்சம்தான்.

பல வருடங்களாகப் பொதுச் சுடுதளங்களுக்குப் போய்வருகிறேன். அங்கே நான் பார்த்த ஆபத்துகளில் பெரும்பாலானவை இரண்டு பேர் சேர்ந்து செய்தவை. ஒருவர் தவறு செய்வார், இன்னொருவர் பார்த்தும் பேசாமல் இருப்பார்.

அடிக்கடி நடப்பது இது. டிரிகரை அழுத்துவார்கள், சுடாது. உடனே உடம்பு முழுக்கத் திரும்பி, துப்பாக்கியையும் கூடவே திருப்பி, "சார், இது வேலை செய்யலையே" என்று ரேஞ்ச் ஆபீசரைப் பார்த்துக் கேட்பார்கள். கேட்கும்போதே டிரிகரை இன்னும் இரண்டு தடவை அழுத்திக் காட்டுவார்கள். குழல்முனை ஆபீசரின் தொப்புளுக்கு நேராக இருக்கும். ஒருமுறை ஒருவர் ரிவால்வரைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலுக்குள் எட்டிப் பார்த்தார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் எப்படிக் குனிந்து பார்ப்போமோ அதே மாதிரி. படித்தவர், நிதானமானவர், வீட்டில் பெரிய பொறுப்புகளைத் தாங்குபவர். அந்த நொடியில் கை பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது.

சுடாத தோட்டா செத்த தோட்டா இல்லை. அடிபட்ட பிறகு கொஞ்சம் தாமதித்து வெடிப்பதும் உண்டு. அதனால்தான் குழல்முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி காத்திருக்கச் சொல்கிறார்கள். சில தளங்களில் ஒரு நிமிடம். காத்திருந்து பாருங்கள், அந்த 30 விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இதைவிட எனக்குப் பயம் தருவது சத்தம் குறைந்த தோட்டா. "டமார்" என்று வர வேண்டிய இடத்தில் "புஸ்" என்று ஒரு சத்தம் வரும், கையில் உதைப்பே இருக்காது. தோட்டாவுக்குள் மருந்து போட விட்டுப்போயிருந்தால் இப்படி ஆகும். மருந்தைப் பற்றவைக்க அடியில் இருக்கும் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளிவிட்டு ஓய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சுடுபவர் அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டால், முன்னால் அடைத்து நிற்கும் குண்டின் மேல் இந்தக் குண்டு போய் மோதும். குழல் புடைக்கும், அல்லது பிளக்கும். ஒருநாள் மூன்று லேன் தள்ளி அந்த "புஸ்" கேட்டது. வீட்டிலேயே தோட்டா தயாரிப்பவர் அவர். அடுத்ததைச் சுடக் கையைத் தூக்கிவிட்டார். "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று நான் கத்தியது காதுக்கவசத்தைத் தாண்டி அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டியதைத்தான் பார்த்தார். துப்பாக்கியைக் காலி செய்து, முனைப் பக்கமிருந்து ஒரு மெல்லிய மரக்குச்சியைக் குழலுக்குள் விட்டோம். பாதியில் முட்டி நின்றது. அவர் அந்தக் குச்சியில் முட்டிய அளவை நகத்தால் அடையாளம் வைத்து, வெளியே எடுத்துக் குழலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஷாட்கன் வைத்திருப்பவர்களுக்கு இதே ஆபத்து இன்னொரு வடிவத்தில் வரும். கேஜ் என்பது குழலின் அகலத்தைச் சொல்லும் அளவு, எண் கூடினால் அகலம் குறையும். அதனால் 12 கேஜை விட 20 கேஜ் தோட்டா ஒல்லி. தெரியாமல் 12 கேஜ் துப்பாக்கியில் அதைப் போட்டால், சேம்பரைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். சேம்பர் காலியாகத்தானே இருக்கிறது என்று அதன் பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் பிடித்திருக்கும் கை போய்விடலாம். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான். இரண்டு வகையையும் ஒரே பையில் போட்டு எடுத்து வருபவர்களைப் பார்த்தால் கேட்டுவிடுங்கள்.

சரி, மனம்விட்டுச் சிரிக்கக்கூடியதும் நடக்கிறது. குண்டின் வேகத்தை அளக்கும் கருவியைச் சிலர் துப்பாக்கிக்கு முன்னால் ஸ்டாண்டில் வைப்பார்கள். ரைஃபிளில் ஸ்கோப் குழலுக்கு மேலே நாலைந்து செ.மீ. உயரத்தில் இருக்கும். ஸ்கோப் வழியாகப் பார்த்தால் பாதை சுத்தமாகத் தெரியும், குழலுக்கு நேராக நிற்பதோ அந்தக் கருவி. முதல் குண்டிலேயே புத்தம் புதுக் கருவி சில்லுச் சில்லாகப் போகும். அன்று முழுக்க அந்த லேனில் ஆறுதல் சொல்லும் வேலைதான்.

இன்னொருவர் பத்துக் குண்டு சுட்டுவிட்டு இலக்கை எடுத்துவந்து எண்ணினார். பதின்மூன்று ஓட்டை. முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. பக்கத்து லேன்காரரின் மூன்று குண்டுகள் இவர் தாளில் விழுந்திருந்தன என்று சொன்னபோது நம்ப மறுத்தார்.

இலக்கு மாறுவது புதியவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் படுத்து, நின்று, மண்டியிட்டுச் சுடும் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்று. அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் தங்கத்துக்கு ஒரே ஒரு குண்டு தூரத்தில் இருந்தார், 3 புள்ளி முன்னிலை. கடைசிக் குண்டைப் பக்கத்து லேன் இலக்கில் சுட்டுவிட்டார். அதற்குப் பூஜ்யம். எட்டாவது இடத்துக்குப் போனார். 2008 பெய்ஜிங், அதே போட்டி, அதே கடைசிக் குண்டு, மறுபடியும் அவர்தான் முன்னிலை. இந்தத் தடவை குறி சரியாக வந்து நிற்பதற்கு முன்பே டிரிகர் அழுந்திவிட்டது. 4.4 புள்ளி, நான்காவது இடம். ஏதென்ஸில் அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த செக் நாட்டு வீராங்கனை கத்தெரினாவைத்தான் பிறகு அவர் திருமணம் செய்துகொண்டார். பெய்ஜிங்கில் அரங்கம் முழுக்கப் பார்த்திருக்க எம்மன்ஸைத் தேற்றியதும் கத்தெரினாதான். இந்தக் கதையைப் புதியவர்களிடம் நான் அடிக்கடி சொல்கிறேன். உலகத்தின் மிகச் சிறந்த விரல்களில் ஒன்று நினைத்ததற்கு முன்பே டிரிகரை அழுத்திவிட்டது. ஆனாலும் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, போனது பதக்கம் மட்டும். குழல்முனை இலக்குப் பக்கம் இருந்தது, முன்னால் ஆள் யாரும் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

பல நாடுகளிலும் சுடுதளங்களில் சொல்லித்தரும் நான்கு விதிகளைத் தொகுத்துப் பரப்பியவர் ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர். எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே நினை. அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்முனை படக்கூடாது. குறி இலக்கில் நிற்கும்வரை விரல் டிரிகருக்கு வெளியே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இவற்றில் ஒன்றை மீறினாலும் மற்றவை நம்மைத் தாங்கிப் பிடிக்கும்படி இவை அமைந்திருக்கின்றன. ஆளுக்குக் காயம்பட வேண்டுமென்றால் பெரும்பாலும் இரண்டு விதியாவது ஒரே நேரத்தில் உடைய வேண்டும். அந்த இளைஞரின் கையில் முதல் மூன்றும் ஒரே சமயத்தில் உடைந்தன.

நம் செய்திகளில் "துப்பாக்கி தவறுதலாக வெடித்தது" என்று எழுதுகிறோம். கீழே விழுந்தால் வெடிக்கும் பழைய துப்பாக்கிகள் உண்டுதான். ஆனால் பெரும்பாலான நேரங்களில் யாரோ ஒருவரின் விரல் அழுத்தியிருக்கிறது. அந்த வாக்கியம் விரலை மறைத்துவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இப்போது கைபேசியில் சுற்றும் வீடியோக்கள். முதல் முறை வருபவரின் கையில் இருப்பதிலேயே பெரிய ரிவால்வரைக் கொடுத்து, அது நெற்றியில் வந்து இடிப்பதைப் படம் பிடித்துச் சிரிக்கிறார்கள். தயவுசெய்து இதைப் பகிராதீர்கள். பெரிய உதைப்பில் துப்பாக்கி மேலே எகிறும்போது பிடி நழுவாமல் இருக்க விரல்கள் தானாகவே இறுகும். இரண்டாவது குண்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. கூரை போட்ட சுடுதளத்துக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். ஓட்டைகள் இலக்குக்கு மேலே மட்டும் இருக்காது, சுடுபவர் நிற்கும் மேசைக்கு நேர் மேலேயும் இருக்கும்.

2008இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் 8 வயதுச் சிறுவன் கையில் ஊஸி (Uzi) என்ற வகைத் தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். உதைப்பில் முனை அவன் தலைப் பக்கமே திரும்பியது. அவன் இறந்துபோனான். 2014 ஆகஸ்டில் அரிசோனாவில், சுற்றுலாப் பயணிகள் வரும் ஒரு சுடுதளத்தில், 9 வயதுச் சிறுமியின் கையிலும் ஊஸிதான். முதலில் ஒரு குண்டு சுட்டாள். பிறகு தொடர்ந்து சுடும்படி மாற்றினார்கள். முனை மேலே எகிறி, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பயிற்சியாளர் இறந்தார். ஆறு வருட இடைவெளியில் கிட்டத்தட்ட ஒரே காட்சி. இரண்டு இடத்திலும் சுற்றிப் பெரியவர்கள் நின்றார்கள். அந்தச் சிறுமி அந்த நாளை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டும். இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

புதியவர் யாராக இருந்தாலும் முதலில் ஒரே ஒரு தோட்டா. சுட்டபின் துப்பாக்கி காலி. உதைப்பு எப்படி இருக்கிறது என்று உடம்பு தெரிந்துகொள்ளட்டும். பிறகு இன்னொன்று. இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் பத்து நிமிடம்.

கடைசியாக ஒன்று. திறந்தவெளிச் சுடுதளம். சுடுவதை நிறுத்தச் சொல்லி, எல்லோரும் இலக்கு மாற்ற முன்னால் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் மேசையில் இருக்கும் துப்பாக்கியை யாரும் தொடக்கூடாது. எங்கள் தளத்தில் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவர், முப்பது வருட அனுபவம், தன் ரைஃபிளைத் தோளில் வைத்து ஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். இன்னும் மூன்று பேர் பார்த்தார்கள். அவரிடம் போய் யார் சொல்வது என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தோம். பின் வரிசை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெண் எழுந்து, "ஐயா, துப்பாக்கிய வச்சிடுங்க" என்றாள், சத்தமாக.

"காலிதாம்மா" என்றார் அவர்.

"எனக்கு அது தெரியாதே ஐயா. எங்க அம்மா முன்னால நிக்கிறாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது மீட்டர் தள்ளி, நமக்கு முதுகைக் காட்டியபடி ஓர் அம்மா அட்டையில் தாளைப் பொருத்திக்கொண்டிருந்தார். பெரியவர் ரைஃபிளை மேசையில் வைத்தார். உள்ளே காலி என்று தெரியும்படி போல்ட்டைத் திறந்துவைத்தார். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்து, கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, அந்த அம்மா திரும்பி நடந்து வரும்வரை அங்கேயே நின்றார்.