எட்டாவது பிரதி யாருக்கு?

சித்தப்பாவுக்கு திருநெல்வேலி பக்கம் சுத்தமல்லிக்கு மேற்கே ஒரு ஏக்கர் சொச்சம் இருக்கிறது. அதில் பாதியை நிலம் என்று சொல்ல முடியாது. ஒரு காலத்தில் செங்கல் சூளைக்கு மண் அள்ள விட்டதில் ஆள் உயரத்துக்குக் கிடங்கு விழுந்து, உடைமரம் மண்டிக் கிடக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் பைக்கில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணாச்சி, அந்தக் கிடங்கு சும்மாதான கெடக்கு. நாங்க மேடாக்கித் தாறோம். நீங்க ஒரு பைசா தர வேண்டாம். லோடுக்கு இவ்வளவுன்னு நாங்க ஒங்களுக்குத் தாறோம்."

"என்னத்தப் போட்டு மூடுவிய?"

"பேப்பரு, பழைய பிளாஸ்டிக்கு, அப்படித்தான். மேல செம்மண்ணப் போட்டு மட்டம் பண்ணிருவோம்."

"எங்கேருந்து வருது?"

அதற்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. ராத்திரியில்தான் லாரி வரும், நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள். சித்தப்பா யோசித்தார், பொய் சொல்ல மாட்டேன். அந்த வருஷம் பிசான நெல் விளைச்சல் சரியாக இல்லை, வீட்டில் ஒரு கல்யாணச் செலவு வேறு எதிரே நின்றது. உள்ளே இருந்து சித்திதான் கேட்டாள்: "நம்ம நெலத்துல கொட்டுததுக்கு நமக்கே காசு தாறான்னா, அது எப்பேர்ப்பட்ட குப்பையா இருக்கும்னு யோசிச்சியளா?"

வந்தவர்கள் டீ குடிக்காமல் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு இந்த விஷயத்தைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். சித்தி கேட்டதற்கு மேல் ஒரு கேள்வி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

2024 டிசம்பரில் கோடகநல்லூர், பழவூர், கொண்டாநகரம் பக்கம் மூட்டை மூட்டையாக மருத்துவக் கழிவு கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் சீட்டுகள், சிரிஞ்சுகள், ரத்த மாதிரி எடுத்த குழாய்கள். ஊர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள், பத்திரிகைகள் எழுதின, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாளில் அள்ளிக்கொண்டு போகச் சொன்னது. டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளினார்கள். அன்று நானும் போய் நின்றேன். கையுறை போட்ட ஆட்கள் மூட்டையைத் தூக்கும்போது அடிமூட்டை கிழிந்து கொட்டியது. பக்கத்து வயலில் பிசான நாற்று நட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கூட்டத்தில் இருந்த ஒரு ஆச்சி, அந்த வயலில் களையெடுக்கப் போகிறவள், எதுவும் பேசாமல் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பில்லாத கால்.

திருப்பி அனுப்பியது வெற்றிதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த வெற்றி எப்படிக் கிடைத்தது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அந்த மூட்டைகளுக்குள் காகிதம் இருந்தது. மருத்துவமனையின் பெயர் அச்சடித்த காகிதம். அதனால்தான் எங்கிருந்து வந்தது என்று கைநீட்டிச் சொல்ல முடிந்தது. வந்தது ஆலைக் கசடாக இருந்திருந்தால்? சாயப்பட்டறைக் கசடு, முலாம் பூசும் பட்டறையின் கழிவு, பழைய பேட்டரி உருக்கிய சாம்பல், ரசாயனம் காலியான டிரம்மைக் கழுவிய தண்ணீர். இவற்றுக்குப் பெயர் கிடையாது. மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். மேலே செம்மண்ணைப் போட்டால் ஒரு மழைக்குள் புல் முளைத்துவிடும். ஈயமும் காட்மியமும் குரோமியமும் நெடி அடித்துக் காட்டிக் கொடுக்காது. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுகிற வரைக்கும், பல இடங்களில் நிறம் மாறாமலே, அதைக் குடித்துக்கொண்டிருப்போம்.

கிடங்கு என்றால் எங்கேயோ பொட்டல் காட்டில் இருக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாமிரபரணியில் சுத்தமல்லி அணைக்கட்டில் இருந்துதான் நெல்லைக் கால்வாய் பிரிகிறது. இந்தக் கரையோரக் கிணறுகளில் ஊறுகிற ஆற்றுத் தண்ணீர்தான் திருநெல்வேலி மாநகரத்துக்குக் குடிதண்ணீர். ஆறு இங்கேயே முடிந்து போவதில்லை, ஸ்ரீவைகுண்டம் தாண்டி புன்னக்காயல் வரை போகிறது. வழியில் தூத்துக்குடிக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு கரையேறி வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். சித்தப்பாவின் கிடங்கு அந்த இரண்டு நாளும் குளமாக நின்றது. தண்ணீர் வடிந்தபோது வாய்க்கால் வழியாகத்தான் வடிந்தது. புரோக்கர் சொன்னபடி அது நிரம்பியிருந்தால், உள்ளே இருந்தது எந்தெந்த வயலுக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகளின்படி, சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எரிக்கும் உலையில் இரண்டாவது அறையின் சூடு 1050 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தின் மிச்சம் என்றால் 1200 டிகிரிக்கு மேல் போக வேண்டும். நம் பக்கத்தில் என்ன செய்கிறார்கள்? கிடங்கில் கொட்டி ஒரு தீக்குச்சி. பிவிசி குழாயை அப்படித் திறந்த வெளியில் எரித்தால் டயாக்சின் என்கிற விஷம் வரும். அது பால் மாட்டின் கொழுப்பில் தங்கும், பாலில் வரும்.

ஆலைக் கழிவுக்கும் அதே 2016-இல் தனி விதிகள் வந்தன. அந்த விதிகளில் ஒரு படிவம் இருக்கிறது. கழிவு லாரி ஒன்று ஆலையை விட்டுக் கிளம்பினால் அதோடு ஒரு சீட்டு போக வேண்டும். மானிஃபெஸ்ட் என்பார்கள். கல்லுக்கும் மணலுக்கும் நடைச்சீட்டு போடுகிறார்களே, அது மாதிரி. என்ன கழிவு, எவ்வளவு, யார் அனுப்புகிறார், யார் ஓட்டுகிறார், யார் வாங்குகிறார், எல்லாம் அதில் இருக்கும். அதற்கு ஏழு பிரதி. அனுப்புகிறவருக்கு, ஓட்டுகிறவருக்கு, வாங்குகிறவருக்கு, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு, வேறு மாநிலத்தில் இருந்து வந்தால் அந்த மாநிலத்து வாரியத்துக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில் போகும். நான் அந்தப் படிவத்தை முதல்முறை பார்த்தபோது ஒவ்வொரு பிரதியாக எண்ணினேன். ஏழில் ஒன்றுகூட, அந்த லாரி போய் நிற்கிற ஊரின் ஊராட்சிக்கு இல்லை.

எனக்குச் சொல்ல இருப்பதும் இதுதான். எந்த ஊரில் இறக்குகிறார்களோ அந்த ஊருக்கு எட்டாவது பிரதி வேண்டும். ஊராட்சி அலுவலகத்துச் சுவரில் ஒட்ட வேண்டும், தமிழில். லாரி எண், கழிவின் பெயர், எடை, இறக்கும் சர்வே எண். சட்டப்படி நடக்கிறவர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டால், சீட்டு ஒட்டாமல் ராத்திரி பத்து மணிக்கு வருகிற லாரி என்ன லாரி என்று கேட்க ஊரில் எவருக்கும் தைரியம் வரும். இப்போது கேட்டால் "நீ யாருவே கேக்கதுக்கு?" என்கிறார்கள்.

ஊர்க்காரன் கேள்வி கேட்டால் வளர்ச்சிக்கு எதிரி என்று ஒரு பேச்சு இருக்கிறது. படித்தவர்களே சொல்கிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன், ஏனென்றால் நமக்குத் தெரிந்த முக்கியமான விஷயங்களை எல்லாம் ஊர்க்காரர்கள்தான் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி, மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. எந்த அலுவலகத்தின் கோப்பிலும் அது இல்லை. 2001 மார்ச்சில் ஊர்க்காரர்களும் பழைய தொழிலாளர்களும் சேர்ந்து அதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் ஆலை நின்றது. 2003-இல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. தொழிலாளர்களுக்கு உடன்பாடு கிடைக்க 2016 ஆகிவிட்டது. பதினைந்து வருஷம். அதில் எத்தனை பேர் உயிரோடு இருந்து வாங்கினார்களோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை வழக்கில் 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆலையின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அதில் பேசப்பட்டவற்றில் ஒன்று, தனியார் பட்டா நிலங்கள் உட்பட 11 இடங்களில் கொட்டிக் கிடந்த தாமிரக் கசடு. உப்பாறு ஓடைக் கரையில் குடியிருக்கிறவர்கள் அதை எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரில் 2018 மே மாதம் ஆலையை எதிர்த்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

பட்டா நிலம் என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். அங்கேயும் யாரோ ஒரு சித்தப்பாவிடம் "மேடாக்கித் தாறோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குப் பிடிக்காது. 2024 டிசம்பரில் நம் ஆட்கள் நிறையப் பேர் மலையாளிகளைத் திட்டி எழுதினார்கள். நான் எழுதவில்லை. பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடையில் ஒரு குளிர்பான ஆலை தன் கசடை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்தது. அதில் காட்மியமும் ஈயமும் இருந்தது 2003-இல் வெளியே வந்தது. அதை எதிர்த்துப் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள் மயிலம்மா மாதிரியான ஆதிவாசிப் பெண்கள். 2004-இல் ஆலை மூடியது. திருவனந்தபுரம் நகரத்துக் குப்பையை எல்லாம் விளப்பில்சாலை என்ற கிராமத்தில் கொட்டினார்கள், ஊரே திரண்டு 2011 டிசம்பரில் அந்த இடத்தைப் பூட்டியது. அவர்களும் நம்மைப் போலச் சனங்கள்தான். அவர்கள் செய்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஒரு ஊர் பூட்டுப் போட்டால், நகரம் குப்பையைக் குறைப்பதற்குப் பதிலாக, பூட்டில்லாத அடுத்த ஊரைத் தேடுகிறது. தேடிக் கொடுக்க ஆள் இருக்கிறது. அந்த ஆளில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள், நம் சொந்தக்காரர்கள். இங்கிருந்து எம்-சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு புளியரை சோதனைச் சாவடி தாண்டிக் கேரளாவுக்குப் போகிற லாரி வெறும் வண்டியாகத் திரும்புவது அதன் முதலாளிக்கு நஷ்டம். அந்த வெறும் வண்டிக்குள்தான் இந்த வியாபாரம் முழுவதும் இருக்கிறது. நம் மலையை உடைத்து அனுப்புவதும், அந்தக் குழியில் அடுத்தவர் கழிவை வாங்கி நிரப்புவதும் ஒரே லாரி. இதை நாம் முகத்துக்கு நேராகப் பேசினால்தான் மற்றதைப் பேச முடியும்.

போபால் கதை இதைவிடப் பெரிது. 1984-இல் விஷவாயு கசிந்த ஆலையின் கழிவு நாற்பது வருஷமாக அங்கேயே கிடந்தது. அங்கலேஷ்வரில் எரிக்கலாம் என்றார்கள், குஜராத் வேண்டாம் என்றது. 2012-இல் ஜெர்மனிக்கு அனுப்பலாம் என்றார்கள், ஜெர்மனியிலும் மக்கள் எதிர்த்தார்கள், அதுவும் நின்றது. கடைசியில் 2025 ஜனவரி 1 இரவு 337 டன் கழிவை 12 கண்டெய்னர்களில் ஏற்றி அதே மாநிலத்தில் உள்ள பீதம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊர் சனங்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டு பேர் தங்கள் மேலேயே தீ வைத்துக்கொண்டார்கள். பத்திரமாக எரிக்கிறோம், எல்லா அளவும் வரம்புக்குள் இருக்கிறது என்று அதிகாரிகள் சொன்னார்கள், ஜூன் கடைசியில் எரித்தும் முடித்தார்கள். அளவுகள் சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் லாரி கிளம்புவதற்கு முன்னால் அந்த ஊரை உட்காரவைத்து, இதுதான் கழிவு, இதுதான் உலை, சந்தேகம் இருந்தால் நீங்கள் சொல்கிற நிபுணரைக் கூட்டி வாருங்கள் என்று பேசியிருந்தால் அந்த இரண்டு பேர் தீக்குச்சியை எடுத்திருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன். எரித்து மிஞ்சிய சாம்பல் கொண்டுவந்த கழிவைவிட எடை கூடுதல். அதையும் யாரோ ஒருத்தர் ஊரில்தான் புதைக்க வேண்டும். யார் ஊரில் புதைக்கிறோமோ அவர்களிடம் கேட்பது மரியாதைதானே?

இதையெல்லாம் எழுதும்போது ராமையன்பட்டி எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. நம் மாநகரத்தின் குப்பை போகிற இடம். கோடையில் அது தீப்பிடித்தால் சுற்றியிருக்கிற ஊர்களில் சன்னலைத் திறக்க முடியாது. நம் வீட்டு பேட்டரி செல், டியூப்லைட், காலாவதியான மாத்திரை எல்லாம் அங்கேதான் போகிறது. கோடகநல்லூருக்கு நியாயம் கேட்கிற நான் ராமையன்பட்டிக்காரர்களிடம் என்ன சொல்வேன்? அதனால் எங்கள் வீட்டில் இப்போது மாத்திரையும் செல்லும் தனி டப்பாவில் சேர்கிறது. சின்ன வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் இந்தப் பதிவை எழுத எனக்கு மனசு வரவில்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. நம் மாநிலத்தில் வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கள் ஊராட்சியில் அடுத்த கூட்டத்தில் வாசிக்க ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கம். ஊர் எல்லைக்குள் வெளியிலிருந்து எந்தக் கழிவு வந்தாலும் அதன் சீட்டின் பிரதியை ஊராட்சிக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும், தமிழில் ஒட்ட வேண்டும். ஊரில் உள்ள பழைய மண் கிடங்குகள், கைவிட்ட கல்குவாரிகள் எல்லாவற்றுக்கும் சர்வே எண்ணோடு ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். கழிவு கொட்டினது பிடிபட்டால் அள்ளுகிற செலவும் மண்ணையும் கிணற்றையும் சோதிக்கிற செலவும் அனுப்பினவர் தலையில் விழ வேண்டும். பட்டியலில் முதல் கிடங்காகச் சித்தப்பாவுடையதைத்தான் எழுதியிருக்கிறேன். அவரே எழுதச் சொன்னார்.

தீர்மானத்தை முதலில் வாசிக்கச் சித்தியைக் கேட்டிருக்கிறேன். "எனக்குக் கூட்டத்துல பேச வராதுப்பா" என்கிறாள். அன்றைக்கு வீட்டுக்குள் இருந்து கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள், மீதியை நான் வாசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

முக்கூடல், சேரன்மகாதேவி, மேலச்செவல், கங்கைகொண்டான், மானூர் பக்கத்து நண்பர்கள் யாருக்காவது அந்த இரண்டு பக்கமும் வேண்டுமென்றால் சொல்லுங்கள். ஊர்ப் பெயரும் சர்வே எண்ணும் மட்டும் மாற்றினால் போதும். போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.