வெட்டிக் கொடுத்தால் வேலை முடிந்ததா?

அலுமினியப் படகு கிட், அதாவது வாங்குபவரே பற்றவைத்துப் படகாக்கிக்கொள்ளும் தகடுகளின் தொகுப்பு, விற்பவர்களைக் கேட்கிறேன். தகட்டை வெட்டி, எண் பொறித்து, பார்சல் கட்டி அனுப்பிவிட்டால் உங்கள் பொறுப்பு தீர்ந்துவிட்டதா? விளம்பரத்தில் மட்டும் யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே படகு கட்டலாம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள்.

வெட்டியதில் குறை இல்லை. கம்ப்யூட்டர் வைத்து வெட்டிய தகடுகள், கச்சிதமாகப் பொருந்துகின்றன. வயிற்றெரிச்சல் எல்லாம் கூடவே வந்த கையேட்டைப் பார்த்துத்தான். படகின் எலும்புக்கூடான சட்டங்களில் எது எங்கே உட்கார வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் படம். அப்புறம் ஒரே ஒரு வரி: எல்லா இணைப்புகளையும் வெல்டிங் செய்யவும். எதை முதலில்? எந்தப் பக்கத்திலிருந்து? ஒரு தடவைக்கு எவ்வளவு நீளம்? மூச்சே இல்லை.

அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆறும்போது அதே வேகத்தில் சுருங்கி இழுக்கும். படகின் அடியில் முதுகெலும்புபோல நீளமாக ஓடும் கீலின் ஒரு பக்கத்தை ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் படகே திருகிக்கொள்ளும். முதலில் எல்லா இடத்திலும் புள்ளி புள்ளியாகப் பிடிக்க வைத்து, பிறகு நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, இடதும் வலதுமாக மாற்றி மாற்றிச் சிறு துண்டுகளாகப் போக வேண்டும். இதை எழுத அரைப் பக்கம் போதாதா? அடித்தட்டு ஒருமுறை திருகிவிட்டால் வீட்டில் வைத்து யாராலும் நிமிர்த்த முடியாது. போட்ட காசு, உழைப்பு எல்லாம் போச்சு.

இதைவிட மோசம், போனில் கிடைத்த பதில். பற்றவைக்கும்போது உருகி இணைப்பை நிரப்புமே, அந்த ஒயரில் எதை வாங்க என்று கேட்டால், "அலுமினிய ஒயர் எதுவானாலும் சரி" என்கிறார்கள். நீங்கள் அனுப்பியது 5083 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவைத் தகடு ஐயா! அதற்கு 5356 அல்லது 5183 எண் கலவை ஒயர் வேண்டும். கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று 4043 போட்டால் இணைப்பு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அலையில் அடிபடும் இடம் அது. உள்ளே உட்காருவது மனிதர்கள்.

சுத்தம் செய்வது பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலிருக்கும் ஆக்சைடு படலம் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் அதைத் தேய்த்து எடுக்காமல், எண்ணெயும் ஈரமும் துடைக்காமல் பற்றவைத்தால் மேலே வெள்ளிபோல மின்னும். கிரைண்டரை வைத்து லேசாகச் சீவிப் பாருங்கள், உள்ளே வரிசையாக ஊசித் துளைகள். கதவு வழியாகக் கொஞ்சம் காற்று வந்து, பற்றவைக்கும் இடத்தை மூடிக் காக்கும் ஆர்கான் வாயுவைக் கலைத்தாலும் இதே கதிதான்.

வெல்டிங் வரிசைப் படமாவது அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்டேன். அனுபவமுள்ள வெல்டரை அணுகவும் என்று பதில் வந்தது. அப்படியானால் அதை விளம்பரத்திலேயே போடுங்கள், காசு வாங்குவதற்கு முன்னால்!