செத்த பனையை வெட்ட ஆறு மாதமாக அலைகிறேன்

போன ஐப்பசியில் இடி விழுந்து எங்கள் கொல்லைப் பனை கருகிவிட்டது. முதலில் குருத்து சாய்ந்தது. அப்புறம் ஓலை ஒவ்வொன்றாகக் காய்ந்து தொங்கி, தை மாதம் கொண்டையே மொத்தமாகக் கழன்று விழுந்தது. இப்போது நிற்பது வெறும் மொட்டைப்பனை. 50 அடி இருக்கும். வீட்டுச் சுவருக்கும் அதற்கும் 12 அடிதான் இடைவெளி. மரம் வீட்டுக்கு வடக்கே நிற்கிறது. மழைக்காலத்தில் வாடை பிடித்தால் நேராக எங்கள் கூரை மேல்தான் தள்ளும்.

வெட்ட அனுமதி கேட்டுச் சித்திரையில் மனுக் கொடுத்தேன். இது புரட்டாசி. இதுவரை ஒரு ஆள் வந்து அந்த மரத்தை அண்ணாந்து பார்க்கவில்லை!

சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தபோது மனசாரச் சந்தோஷப்பட்டவன் நான். செங்கல் சூளைக்கு லோடு லோடாகப் பனை போனதைப் பார்த்து வயிறெரிந்தவன். இந்தக் கடற்கரை மணலில், உப்புக் காற்றில், யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிற மரம் அது. விதை ஊன்றினால் காய்ப்புக்கு வர 15, 20 வருஷம் ஆகும். எங்கள் பனை தாத்தா ஊன்றியது. அதன் நுங்கைத் தின்று வளர்ந்த எனக்கு அதை வெட்ட ஆசையா இருக்கும்?

ஆனால் இது செத்த மரம். பனையேறி மாமா ஒருவர் வந்து அடிமரத்தை அரிவாள் பிடியால் தட்டிக் காட்டினார். மேலே நல்ல வைரம் போலத் தெரிகிற மரம், தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம் கேட்கிறது. ஒரு பொத்தல் வழியாக மாவு மாதிரி தூள் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அம்மா தினம் காலையில் அதைத்தான் கூட்டி அள்ளுகிறார். "வேம்புன்னா பக்கத்துல துளிர்க்கும் மாப்ள. பனைக்குத் தலை ஒன்னுதான், அது போனா எல்லாம் போச்சு" என்றார் மாமா. இதைப் புரிந்துகொள்ள எத்தனை ஃபைல் வேண்டும்?

ஆபீசில் முதலில் பட்டா ஜெராக்ஸ் கேட்டார்கள், கொடுத்தேன். பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது, வாரிசுச் சான்று கொண்டு வா என்றார்கள். அதற்கு இரண்டு மாதம். போட்டோ வைத்தேன். போட்டோ செல்லாதாம், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) நேரில் பார்த்தால்தான் மேலே அனுப்புவார்களாம். ஆர்.ஐ. எப்போது வருவார் என்று கேட்டால் "வருவார், போங்க" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் காசு போகிறது.

அதே நேரத்தில், போன மாதம் ஊருக்கு வெளியே பச்சைப் பனை ஏழு, ஒரே ராத்திரியில் காணாமல் போயின. காலையில் போய்ப் பார்த்தேன். அடிக்கட்டையில் ஈரம் காயவில்லை, வண்டித் தடம் ரோடு வரைக்கும் கிடந்தது. அவர்கள் யாரிடம் மனுக் கொடுத்தார்கள்? கேட்டு வெட்டுகிறவனை மட்டும்தான் இந்த விதி பிடித்து வைக்கிறது. இன்னொரு பக்கம், 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன சீமைக் கருவேலம் இந்த மாவட்டத்தில் இன்னும் காடாக நிற்கிறது.

உயிரோடு இருக்கிற பனைக்கு எவ்வளவு கெடுபிடி வேண்டுமானாலும் வையுங்கள். மொட்டையாகப் போனதை ஊர் வி.ஏ.ஓ. நேரில் பார்த்து ஒரு வாரத்தில் எழுதிக் கொடுக்கட்டும். அதன் இடத்தில் பத்து விதை ஊன்றச் சொல்லுங்கள், ஊன்றுகிறேன். விதை எடுத்தே வைத்திருக்கிறேன்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போன கதையைக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. நேற்று ராத்திரி காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு சின்னம்மா வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.