சீனாவில் பேரம்: கையெழுத்துக்கு அப்புறமும் பேச்சு முடியாது

அக்டோபர் நெருங்கினால் குவாங்சோவின் கேன்டன் கண்காட்சிக்குக் கிளம்பும் நம்மூர் வியாபாரிகளுக்கு ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடு. பெரியவரின் கோப்பையைவிட உன் கோப்பையைத் தாழ்த்திப் பிடி. கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்காதே. எல்லாம் சரி, மரியாதை தெரிந்து போவது நல்லதுதான். ஆனால் இதோடு சீனக் கலாசாரம் பிடிபட்டுவிட்டது என்று நம்பி நம் ஆட்கள் அட்வான்ஸ் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பேச்சு எங்கே முடிகிறது என்பதில்தான் பெரிய வித்தியாசம். விலை படிந்து கையெழுத்தும் ஆகிவிட்டால் நம் மனதில் விஷயம் முடிந்தது. அங்கே பல முதலாளிகளுக்கு அது ஒருவரோடு ஒருவர் பழகுவதன் ஆரம்பம். மூலப்பொருள் விலை ஏறினால் மறுபடி பேசலாம், நிலைமை மாறினால் இருவரும் சேர்ந்து சரிசெய்துகொள்ளலாம் என்ற நினைப்பு இயல்பாகவே இருக்கும். அதை ஏமாற்று என்று எடுத்த எடுப்பில் முத்திரை குத்தினால் அதற்கு மேல் பேச்சு நகராது.

டனோன், வஹாஹா கதையை இதற்காகத்தான் அடிக்கடி சொல்வேன். 1996-ல் பிரான்சின் உணவு நிறுவனமான டனோன், ஒரு ஹாங்காங் முதலீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, ஹாங்சோவின் குளிர்பான நிறுவனமான வஹாஹாவோடு கூட்டு வைத்தது. வெளிநாட்டுத் தரப்புக்கு 51 சதவீதம். பிறகு ஹாங்காங் நிறுவனத்தின் பங்கையும் டனோனே வாங்கிக்கொண்டது. பாதிக்கு மேல் பங்கு இருக்கிறது, கம்பெனி நம்முடையது என்பது பிரெஞ்சுக்காரர்களின் கணக்கு. ஆனால் தினசரி நிர்வாகம் முழுக்க நிறுவனர் சோங் சிங்ஹோவ் கையில் இருந்தது. தொழிலாளிக்கும் டீலருக்கும் முதலாளி என்றால் அவர்தான். கூட்டுக்கு வெளியே அவர் தனியாக வேறு ஆலைகளைக் கட்டி, அதே பெயரில் சரக்கை விற்றார். 2007-ல் சண்டை தெருவுக்கு வந்தபோது ஊழியர்களும் டீலர்களும் அவர் பக்கம் நின்றார்கள். 2009-ல் டனோன் தன் 51 சதவீதத்தையும் விற்றுவிட்டு வெளியேறியது.

இதை உறவு, விசுவாசம் என்று கலாசாரத்தின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. வஹாஹா என்ற வணிகப் பெயரைக் கூட்டு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதாக ஒப்பந்தம் இருந்தும், சீன வணிகக்குறி அலுவலகத்தின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை. பெயரைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். அடித்தளத்திலேயே விரிசல். அதை உடனே அடைக்காமல் விட்டது டனோனின் குறை என்றுதான் நான் சொல்வேன்.

நம்மூர் அளவுக்கு வருவோம். திருப்பூருக்கு விளையாட்டு உடைக்கான பாலியெஸ்டர் துணி சீனாவிலிருந்து வருகிறது. 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணிக்கு விலை கேட்போம். ஆலை முதலாளி சொன்னதில் பாதியில் தொடங்கி, பக்கத்துக் கடையைக் காட்டி, கடைசி பைசா வரை இறக்குவோம். அவர் திடீரென்று ஒத்துக்கொள்வார். நமக்கு வெற்றிக் களிப்பு. கன்டெய்னர் வந்ததும் துணியை வட்ட கட்டரில் நூறு சதுர சென்டிமீட்டர் துண்டாக வெட்டித் தராசில் வைத்தால், 1.80 கிராம் காட்ட வேண்டியது 1.66 காட்டும்.

தன் ஊழியர்கள் முன்னால், வெளிநாட்டு வாடிக்கையாளரிடம், இந்த விலைக்குக் கட்டாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பத்திரிகை வைக்க வந்தவரிடம் கல்யாணத்துக்கு வர முடியாது என்று நாம் சொல்லிவிடுகிறோமா என்ன? ஆர்டரையும் விடவில்லை, முகத்தையும் காப்பாற்றிக்கொண்டார், விலைக்கு ஏற்ற சரக்கைக் கொடுத்துவிட்டார். அவர் செய்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலையை இறக்கும்போதே, எதைக் குறைத்து இந்த விலை தருகிறீர்கள் என்று தனியாக உட்கார்ந்து கேட்டால் பெரும்பாலும் பதில் வரும். நாலு பேர் முன்னால் கேட்டால் வராது.

இன்னொன்று. ஆங்கிலத்தில் சரளமாகப் பேசும் விற்பனைப் பெண்ணோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுவோம். முடிவெடுக்கும் ஆள் வட்ட மேசையில் வாசலைப் பார்த்த இருக்கையில் அமைதியாக டீ குடித்துக்கொண்டிருப்பார். அவர் பேசாமல் இருந்தால் நாமும் பேசாமல் இருக்கப் பழக வேண்டும். அந்த மௌனம் தாங்காமல் நம் ஆட்களே விலையை ஏற்றிவிடுகிறார்கள். திரும்பும் விமானம் என்றைக்கு என்று அன்பாக விசாரிப்பார்கள். அதற்குச் சரியான தேதியைச் சொல்லாதீர்கள். சொன்னால், முக்கியமான பேச்சு முழுக்கக் கடைசி நாள் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகும்.

பழக்கம் முக்கியம், மறுக்கவில்லை. அதற்காகக் காகிதத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. சீன நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர் சீன எழுத்தில் உள்ளதுதான். ஆங்கிலப் பெயர் அவர்களாக வைத்துக்கொள்வது. 18 இலக்கப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். கையெழுத்தோடு நிற்காமல், பதிவான சிவப்பு முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதிலாக எங்கே நடுவர் தீர்ப்புக்குப் போவது என்பதையும் எழுதிவிடுங்கள். சீன நடுவர் தீர்ப்பை இங்கே நிறைவேற்றக் கேட்கலாம் என்று 2012-ல் இந்தியா அறிவித்திருக்கிறது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்பதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் இருப்பதால் நம் நடுவர் தீர்ப்பை அங்கேயும் கொண்டுபோக முடியும். நீதிமன்றத் தீர்ப்புக்கு அந்த அளவு வசதி இல்லை.

அப்புறம், சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரை உங்கள் செலவில் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் ஏற்பாடு செய்யும் மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்குச் சம்பளம் கொடுப்பது எதிர்த்தரப்பு.